புது மெத்தைக்கு ஒரு மாதம்

ஒரு செல்போன் வாங்க ஒரு மாதம் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பேரிடம் கேட்கிறார்கள், நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். அதே ஆட்கள் மெத்தை வாங்கப் போனால்? கையால் நாலு முறை அமுக்கிப் பார்ப்பது, ஓரத்தில் உட்கார்ந்து ஒரு குதி குதிப்பது, "கியாரண்டி எத்தனை வருஷம்?" என்று ஒரு கேள்வி, "எவ்வளவு குறைப்பீங்க?" என்று இன்னொரு கேள்வி. அவ்வளவுதான், மெத்தை வண்டியில் ஏறிவிடும்!

செல்போன் மூன்று நாலு வருடத்தில் மாறிவிடும். மெத்தை பத்து வருடம் கிடக்கும். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத் தூக்கம் என்று வைத்தால்கூட, பத்து வருடத்தில் 25,550 மணி நேரம்.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை அவசரமாக வாங்கிய மெத்தைக்குத் தீர்ப்பும் அதே அவசரத்தில் வந்துவிடுகிறது. மறுநாள் காலையே "இடுப்பு பிடிச்சுக்கிச்சு, இது சரிப்படாது" என்று ஒருவர் சொல்வார். "மேகத்துல படுத்த மாதிரி இருக்கு" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டையும் நம்ப முடியாது. மெத்தையைத் தேர்ந்தெடுக்கும் வேலை கடையில் முடிவதில்லை. அது வீட்டில், முதல் ஒரு மாதத்தில் நடக்கவேண்டிய வேலை. அந்த ஒரு மாதத்தை யாரும் கொடுப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

பழைய மெத்தைக்கு இந்தக் கவலை இல்லை

இலவம் பஞ்சு மெத்தை இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. போடிநாயக்கனூர் பக்கத்து இலவம் பஞ்சுக்குத் தமிழ்நாடு முழுக்கப் பெயர் உண்டு. காய் பழுக்கும் என்று காத்திருந்து ஏமாந்த கிளியைப் பற்றிய பழமொழி எல்லாருக்கும் தெரியும். கிளிக்குப் பயன்படாத அந்தப் பஞ்சுதான் மனிதர்களுக்கு மெத்தையும் தலையணையும் ஆனது.

அந்த மெத்தையில் ஒரு பெரிய வசதி இருந்தது. அதைத் திருத்த முடியும். பஞ்சு கட்டி தட்டிப் போனால் தையலைப் பிரித்து, அடித்து, மறுபடி நிரப்பலாம். மெலிந்துவிட்டதா? இன்னும் இரண்டு கிலோ பஞ்சு சேர்க்கலாம். ரொம்ப உப்பலாக இருந்தால் கொஞ்சம் எடுத்து ஒரு தலையணை தைத்துக் கொள்ளலாம். அதாவது, மெத்தை மனிதருக்குத் தகுந்த மாதிரி மாறியது.

இன்றைய ஃபோம் மெத்தையும் ஸ்பிரிங் மெத்தையும் அப்படி இல்லை. தொழிற்சாலையில் எப்படிச் செய்தார்களோ அப்படித்தான் இருக்கும். பிரித்துத் தைக்க முடியாது. ஆகவே ஒத்துப் போகிறதா இல்லையா என்பதை ஆரம்பத்திலேயே நிதானமாகப் பார்த்துவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு அப்போது மட்டும்தான் இருக்கிறது.

முதல் சில இரவுகள்

இப்போது பல ஃபோம் மெத்தைகள் காற்றை உறிஞ்சி எடுத்து, பாய் மாதிரி சுருட்டி, பெட்டியில் வருகின்றன. உறையைப் பிரித்ததும் பொங்கி எழுவதைப் பார்க்கக் குழந்தைகள் கூடிவிடுவார்கள். ஆனால் பொங்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. முழுத் தடிமனுக்கு வர ஒரு நாள் ஆகலாம், சிலவற்றுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகும். உறையை வெட்டும்போது கத்தியை ஆழமாக இறக்கினால் மெத்தைத் துணியும் சேர்ந்து கிழியும். கிழிந்த மெத்தையைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

புது ஃபோமில் ஒரு ரசாயன வாடை இருக்கும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, விரிப்பு எதுவும் போடாமல் இரண்டு மூன்று நாள் விட்டால் பெரும்பாலும் போய்விடும். இங்கேதான் பழைய பழக்கம் குறுக்கே வரும். வாடை போகட்டும் என்று மொட்டை மாடியில் வெயிலில் போட்டுவிடுவார்கள். பஞ்சு மெத்தைக்கு வெயில் நல்லது. ரப்பர் மெத்தைக்கும் ஃபோமுக்கும் அது கெடுதல். கடும் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் ஃபோம் மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும், ரப்பர் வெடிக்கும். நிழலும் காற்றும் போதும்.

இன்னொரு பழக்கம், பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் அப்படியே படுப்பது. "அழுக்காகாம இருக்கட்டும்" என்று காரணம் சொல்வார்கள். புது காரின் சீட்டுக்குச் செய்வதை மெத்தைக்கும் செய்கிறார்கள். மெத்தை அழுக்காகாது, ஆனால் படுத்தவர் வியர்வையில் நனைவார். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த உறை மூச்சுக்கே ஆபத்து. காசு போட்டு வாங்கியது பிளாஸ்டிக் மேல் படுக்கவா?

இத்தனையும் சரியாகச் செய்தாலும் முதல் இரவுகளில் தூக்கம் சரியாக வராமல் போகலாம். பழகாத இடத்தில் முதல் இரவு தூக்கம் கெடும் என்பதைத் தூக்க ஆய்வாளர்கள் 1960-களிலேயே கவனித்தார்கள். 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணத்தைச் சொன்னார்கள். புது இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி வலது பாதியைவிட லேசாகவே உறங்கி, சின்னச் சத்தத்துக்கும் விழித்துக் கொள்கிறது. அது புது இடத்தைப் பற்றிய ஆய்வு, மெத்தையைப் பற்றியது அல்ல. இருந்தாலும் பல வருடம் ஒரு குழியில் படுத்துப் பழகிய உடம்பு, குழி இல்லாத மெத்தையில் சில நாள் திணறுவதில் ஆச்சரியம் இல்லை. ஒரு ராத்திரியை வைத்துத் தீர்ப்பு எழுதுவது நியாயமா?

கெட்டியாக இருந்தால் நல்லதா?

முதுகு வலி என்று சொன்னாலே "கட்டாந்தரையில படுங்க, சரியாயிடும்" என்று அறிவுரை சொல்ல வீட்டுக்கு ஒருவர் உண்டு. கடைக்காரரும் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, இருப்பதிலேயே கெட்டியான மெத்தையைக் காட்டி "ஆர்த்தோபீடிக்" என்பார். எலும்பு மருத்துவர் ஒருவர் சோதித்துப் பார்த்துத்தான் அந்தப் பெயரை ஒட்டினார் என்று நினைத்துக் கொள்ளக் கூடாது. அது பெரும்பாலும் விற்பனைக்கான சொல்.

ஸ்பெயினில் நடந்த ஒரு ஆய்வு 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கெட்டியான மெத்தையும், மற்றதற்கு நடுத்தரமான மெத்தையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று சொல்லவில்லை. 90 நாள் கழித்துப் பார்த்தபோது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. ஆய்வாளர்கள் காத்திருந்தது ஒரு இரவு இல்லை, 90 நாள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒருக்களித்துப் படுக்கிறவருக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே போனால்தான் முதுகெலும்பு நேராக இருக்கும். குப்புறப் படுக்கிறவருக்கு அதே மெத்தையில் வயிறு இறங்கி இடுப்பு வளையும். 50 கிலோ ஆளுக்குக் கல் மாதிரி இருப்பது 90 கிலோ ஆளுக்கு இதமாக இருக்கும். எல்லாருக்கும் பொதுவான நல்ல மெத்தை என்று ஒன்று கிடையாது.

இதில் தட்பவெப்பமும் சேர்ந்து கொள்கிறது. மெமரி ஃபோம் என்பது 1966-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான இருக்கைகளுக்கென்று உருவானது. உடம்புச் சூடு பட்டால் அது இளகும், குளிர்ந்தால் இறுகும். ஏசி போட்ட கடையில் அளவாகத் தெரிந்த மெத்தை, ஏசி இல்லாத வீட்டில் மே மாத இரவில் அதிகமாக அமுங்கும். உடம்பை நாலு பக்கமும் சூழ்ந்து கொள்வதால் சூடும் வெளியே போகாது. சென்னையிலோ மதுரையிலோ ஏசி இல்லாமல் படுக்கிறவர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். யாரும் கேட்பதில்லை.

குற்றவாளி மெத்தைதானா?

ஒரு மாதம் கொடுப்பது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போவது என்று அர்த்தம் இல்லை. அந்த மாதத்தில் மற்றதை எல்லாம் சரி செய்து பார்க்க வேண்டும்.

முதலில் தலையணை. புது மெத்தையில் தோள் உள்ளே இறங்கினால், பழைய தலையணை திடீரென்று உயரமாகிவிடும். கழுத்து வலிக்கும், திட்டு மெத்தைக்கு விழும். மெல்லிய தலையணை ஒன்றை மாற்றிப் பார்த்தாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

அடுத்தது கட்டில். பல வீடுகளில் கட்டில் ஆசாரி செய்தது. அவர் கணக்கு ஒன்று, கம்பெனி மெத்தையின் கணக்கு வேறு. மெத்தை நீளம் 72, 75, 78 அங்குலம் என்று வருகிறது. கட்டிலின் உள் அளவை எடுக்காமல் வாங்கினால் ஒன்று தலைமாட்டில் சந்து விழும், இல்லை மெத்தை மடங்கி நிற்கும். நடுவில் தொய்ந்த பலகை மேல் எந்த மெத்தையைப் போட்டாலும் தொய்வாகத்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் இரண்டு இரவு மெத்தையைச் சமமான தரையில் போட்டுப் படுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தரையில் சரியாக இருந்தால் கோளாறு கட்டிலில்தான். துளையே இல்லாத பிளைவுட் பலகை என்றால், மழைக்காலத்தில் அடிப்பக்கம் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அவ்வப்போது தூக்கி நிறுத்திக் காற்றாட விட வேண்டும்.

மூன்றாவது உயரம். பழைய நாலு அங்குல மெத்தைக்காகச் செய்த கட்டிலில் பத்து அங்குல மெத்தையைப் போட்டால் ஆறு அங்குலம் ஏறிவிடும். இளைஞர்களுக்கு ஒன்றும் தெரியாது. முட்டி வலி உள்ள பாட்டி ஓரத்தில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும். இரவில் பாத்ரூம் போக எழும்போது சறுக்கினால் இடுப்பெலும்பு என்னாகும்? உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பட வேண்டும். பெரியவர்கள் வீட்டில் மெத்தையின் விலையைவிட இதுதான் முக்கியம்.

"நல்லாத்தான் இருக்குப்பா"

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வீடுகளில் மெத்தையை வாங்குகிறவர் ஒருவர், படுக்கிறவர் வேறொருவர். வெளியூரில் வேலை பார்க்கும் மகனோ மகளோ சம்பளப் பணத்தில் விலை உயர்ந்த மெத்தை ஒன்றை அப்பா அம்மாவுக்கு அனுப்பி வைப்பார்கள். போனில் "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்குப்பா" என்ற பதில்தான் வரும். பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்ததைக் குறை சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்? லீவுக்கு வரும்போது பார்த்தால், மெத்தை மேல் துவைத்த துணி மடித்து வைத்திருக்கும். அப்பா கீழே பாய் விரித்துப் படுத்திருப்பார். ஆனால் அதற்குள் திருப்பிக் கொடுக்கும் நாள் கடந்து போயிருக்கும்.

ஆகவே "நல்லா இருக்கா?" என்று கேட்டால் போதாது. "ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வந்துச்சு? காலையில எழுந்திரிக்கும்போது எங்க வலிக்குது? எழுந்து கொஞ்ச நேரத்துல வலி போயிடுதா?" என்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் வலி குறைந்துகொண்டே வந்தால் உடம்பு பழகுகிறது என்று அர்த்தம். நாலாவது வாரத்திலும் அதே இடத்தில் அதே வலி இருந்தால், வெளியில் படுத்தால் மட்டும் அது இல்லாமல் போனால், அந்த மெத்தை அவருக்கு ஆகாது. கால் மரத்துப் போவது, வலி காலுக்கு இறங்குவது என்றால் மெத்தைக் கடை இல்லை, மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைகள் செய்ய வேண்டியது

பத்து வருட கியாரண்டி என்பதைப் பலர் தவறாகப் புரிந்து கொள்கிறார்கள். பெரும்பாலும் அது குழி விழுதல், தையல் பிரிதல் போன்ற தயாரிப்புக் குறைகளுக்குத்தான். "எனக்கு ஒத்து வரலை" என்பதற்கு அதில் இடம் இல்லை. காபி கறை பட்டிருந்தால் அதையே காரணம் காட்டி மறுப்பதும் நடக்கும். முதல் நாளே ஒரு பருத்தி மேலுறை போட்டு, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

இணையத்தில் விற்கும் சில நிறுவனங்கள் 100 இரவு வரை படுத்துப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்கின்றன. தெருமுனைக் கடையில் அந்தப் பேச்சே கிடையாது. படுத்த மெத்தையை வேறொருவருக்கு விற்க முடியாது என்று கடைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 30 நாளுக்குள் வேறு கெட்டித்தன்மை உள்ள மெத்தைக்கு மாற்றித் தருவது, அதற்கு ஒரு நியாயமான கட்டணம் வாங்கிக்கொள்வது என்று பில்லிலேயே எழுதிக் கொடுக்கலாம் அல்லவா? வாங்குபவர்களும் விலையைக் குறைக்கப் பேசும் பேச்சில் பாதியை இதற்குப் பேசினால் கடைகள் வழிக்கு வரும். ஐந்நூறு ரூபாய் தள்ளுபடி அன்றைக்கே மறந்துவிடும், மெத்தை பத்து வருடம் முதுகுக்கு அடியில் கிடக்கும்.