பொதுக் காடும் தனி இலாபமும்

'பொது' என்ற சொல்லைப்போல ஏமாற்றுக்கு எளிதில் இடங்கொடுக்கும் சொல் அரசியல் அகராதியில் வேறொன்றில்லை. பொதுநலம், பொதுச்சொத்து, பொதுத்தேவை என்று ஆளுவோர் பேசத் தொடங்கும்போதெல்லாம் அந்தப் பொதுமக்கள் யாவர் எனக் கேட்கும் பழக்கத்தை நாம் கைவிடலாகாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசாங்கக் காடுகளிலே பனிச்சறுக்குத் தளங்கள் நடத்துவதற்கு வழங்கப்பட்டுவரும் அனுமதிகளின் வரலாறு இக்கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்புகின்றது. பனிமழையைக் கண்டறியாத நமக்குப் பனிச்சறுக்கைப்பற்றி என்ன கவலை என்று சிலர் நினைக்கலாம். நமது கவலை விளையாட்டைப் பற்றியதன்று. ஒரு மலை யாருக்குரியது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பற்றியது.

அந்நாட்டு விவசாய அமைச்சின்கீழ் 1905 இல் நிறுவப்பெற்ற வனத் திணைக்களம் ஏறத்தாழ 19 கோடி 30 இலட்சம் ஏக்கர் நிலத்தைப் பரிபாலிக்கின்றது. இந்நிலத்தில் 122 பனிச்சறுக்குத் தளங்கள் இயங்குகின்றன. 1986 இல் இயற்றப்பட்ட சட்டம் ஒரு கம்பனிக்கு 40 ஆண்டுகள் வரை அனுமதி வழங்க வழிசெய்தது. 1996 இன் சட்டப்படி கம்பனி செலுத்த வேண்டிய கட்டணம் அதன் வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றரை முதல் நான்கு வரை. 2011 இல் வந்த இன்னொரு சட்டம் பனியில்லாத கோடைகாலத்திலும் அதே காட்டிற் கம்பிச் சறுக்கு, துவிச்சக்கரவண்டிப் பாதை முதலியவற்றை நடத்திப் பொருளீட்டுவதற்குக் கதவைத் திறந்துவிட்டது. மண் அரசாங்கத்துடையதாகவே இருக்கின்றது. விற்பனை எதுவும் நடப்பதில்லை. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலத்துக்குக் குத்தகை பெற்ற பின்னர் உரித்து யார் பெயரில் இருந்தால்தான் என்ன?

இவ்வேற்பாட்டின் உண்மை உருவத்தை அறிய அரிசோனா மாநிலத்துக்குச் செல்வோம். பிளாக்ஸ்டாப் நகருக்கு அண்மையில் சன் பிரான்சிஸ்கோ சிகரங்கள் என்னும் மலைத்தொகுதி எழுந்து நிற்கின்றது. அதன் உச்சி 12,633 அடி உயரமானது. நவஹோ மக்களுக்குத் தம் தாயகத்தின் நாற்றிசையிலும் காவலாக நிற்கும் நான்கு புனித மலைகளுள் மேற்றிசை மலை இதுவே. பாலைநிலத்திலே மழையை நம்பிச் சோளம் விளைவிக்கும் ஹோப்பி மக்களுக்கோ, மழையைக் கொண்டுவரும் கச்சினா என்னும் தெய்வங்களின் உறைவிடம். இவர்களோடு சேர்த்துப் பதின்மூன்று ஆதிக்குடி இனங்கள் இம்மலையைப் புனிதமெனக் கொள்கின்றன. மருந்து மூலிகைகள் இங்கிருந்து பறிக்கப்படுகின்றன. சடங்குகளுக்கான நீரும் இங்கிருந்தே எடுத்துச் செல்லப்படுகின்றது.

இம்மலை 'பொது' ஆன கதையையும் கூறவேண்டும். 1864 இல் நவஹோ மக்களை அமெரிக்க இராணுவம் நூற்றுக்கணக்கான மைல்கள் நடத்திச் சென்று சிறைவைத்தது. 1868 இன் உடன்படிக்கைக்குப் பின்னர் திரும்பி வந்தவர்களுக்குப் பழைய நிலத்தின் ஒரு பகுதியே ஒதுக்கப்பட்டது. 1898 இல் இம்மலை அரசாங்க ஒதுக்குக் காடெனப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆதிக்குடிகள் அனைவருக்கும் குடியுரிமை கிடைத்ததோ 1924 இலேதான். ஆகவே இம்மலை பொதுச்சொத்தான வேளையில் அதனை வணங்கியவர்கள் அந்தப் பொதுவிலே சேர்க்கப்பட்டிருக்கவில்லை.

1938 முதல் இம்மலையின் ஒரு சரிவிற் பனிச்சறுக்கு நடந்துவந்தது. 1979 இல் அதனை விரிவாக்கத் திணைக்களம் இணங்கியபோது ஆதிக்குடிகள் வழக்காடி 1983 இல் தோற்றனர். ஆயினும் வானம் கம்பனிக்கு வாக்குறுதி எதுவும் அளித்திருக்கவில்லை. 2001-02 மாரியில் நான்கு நாட்களே தளத்தைத் திறக்க முடிந்தது. பனி பெய்யாவிட்டாற் செய்துகொள்வோம் என்று முதலாளி துணிந்தான். நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 15 இலட்சம் கலன் வரை குழாய்வழியே மலைமேல் ஏற்றி, இயந்திரங்களால் அதனைப் பனியாக்கித் தூவும் திட்டத்துக்கு 2005 இல் திணைக்களம் ஒப்புதல் அளித்தது. நீர் உயர்தரச் சுத்திகரிப்புப் பெற்றதே. ஆனாற் குடிப்பதற்கு ஆகாதது. வைத்தியசாலைகளிலிருந்தும் பிரேதங்களைக் கழுவும் இடங்களிலிருந்தும் வரும் நீரும் அதிற் கலந்துள்ளதே, அதனை மூலிகை முளைக்கும் மண்ணில் ஊற்றுவதா என்று ஆதிக்குடிகள் கேட்டனர்.

நீதிமன்றங்கள் இக்கேள்விக்கு அளித்த விடைகளை நிதானமாக ஆராய்வது பயனுடையது. 2007 இல் மேன்முறையீட்டு நீதிபதிகள் மூவர் ஆதிக்குடிகளின் பக்கம் தீர்த்தனர். அடுத்த ஆண்டிலே அதே நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் கூடி, எட்டுக்கு மூன்று என்ற கணக்கில் அத்தீர்ப்பைப் புரட்டினர். எந்தச் செடியும் அழியவில்லை, எந்த வழிபாட்டிடமும் மூடப்படவில்லை, பாதிக்கப்பட்டது வணங்குவோரின் அகவுணர்வு மாத்திரமே, அது சட்டம் கருதும் சுமையாகாது என்பது பெரும்பான்மையோர் கூற்று. 2009 இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. 2012 இன் இறுதியிற் பனி இயந்திரங்கள் இயங்கத் தொடங்கின.

ஹோப்பி மக்கள் சளைக்கவில்லை. பொதுத்தொல்லை என்னும் வேறொரு சட்டக் கோட்பாட்டைப் பற்றிக்கொண்டு அரிசோனா மாநில நீதிமன்றங்களை நாடினர். பொதுத்தொல்லை வழக்கிலே வழக்காளி மற்றையோர் படாத தனிப்பட்ட தீங்கைத் தான் அடைந்ததாகக் காட்டவேண்டும். 2018 இல் அம்மாநில உயர் நீதிமன்றம், பொதுநிலத்துக்கு ஏற்படும் தீங்கு எல்லாருக்கும் உரியது; அந்நிலம் தமக்குப் புனிதமானது என்பதால் ஒருவர் தனித்தீங்கு அடைந்தவராகமாட்டார் என ஐந்துக்கு இரண்டாகத் தீர்த்தது. வாசகர்கள் இவ்விரு தீர்ப்புகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கவேண்டும். 2008 இலே, உமது துன்பம் உமது உள்ளத்துக்குள் மட்டும் இருப்பது, ஆதலாற் செல்லாது என்றார்கள். 2018 இலே, உமது துன்பம் ஊருக்கெல்லாம் பொதுவானது, ஆதலாற் செல்லாது என்றார்கள். தனியாகச் சென்றாலும் கதவு அடைப்பு, கூட்டமாகச் சென்றாலும் கதவு அடைப்பு! சட்டங்கள் வேறு, நீதிமன்றங்கள் வேறு என்று வழக்கறிஞர் நமக்கு விளக்குவர். விளக்கம் சரியானதே. ஆனால் இரு வழிகளும் ஒரே கம்பனியின் வாசலிற் சென்று முடிவதற்கு அவ்விளக்கம் விடையளிப்பதில்லை.

இத்தருக்கத்தின் ஆணிவேர் 1988 இல் வெளிவந்த ஒரு தீர்ப்பிலே உள்ளது. வடகலிபோர்னியாவிற் காட்டு வீதியொன்றைப் பற்றிய அவ்வழக்கில், ஆதிக்குடிகளுக்கு எவ்வுரிமை இருப்பினும் அரசாங்கம் தன் சொந்த நிலத்தைப் பயன்படுத்துவதை அது தடுக்காது என அதியுயர் நீதிமன்றம் கூறிற்று. தன் நிலம்! 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தை வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இவ்வார்த்தையின் ஓசை புதிதன்று.

இவ்விடத்திற் நம் அணியைச் சேர்ந்த நண்பர் சிலரோடு வாதாட வேண்டியிருக்கின்றது. 'தெய்வங்கள் மலையில் வாழ்கின்றன என்பது மூடநம்பிக்கை. சுத்திகரித்த நீர் விஞ்ஞானத்தின் வெற்றி. பகுத்தறிவுவாதிகளாகிய நாம் மந்திரவாதிகளுக்காகப் பரிந்து பேசலாமா?' என அவர்கள் கேட்பர். கேள்வி பொறுப்பானது. கச்சினாக்கள் இருப்பதாக நாம் நம்பவில்லை. நம்பவேண்டுமென ஹோப்பி மக்களும் நம்மைக் கேட்கவில்லை. ஒரு மக்கட்கூட்டம் தன் வரலாற்றையும் மருத்துவத்தையும் மழைபற்றிய அறிவையும் ஒரு மலையோடு பிணைத்து வைத்திருக்கையில், அதன்மேல் எதனைக் கொட்டலாம் என்பதை அவர்களின் சம்மதமின்றி வேறொருவர் தீர்மானிப்பது விஞ்ஞானமா? மதத்தை விமர்சிக்கும் உரிமை வேறு. ஒடுக்கப்பட்டவனின் மதத்தை ஒடுக்குபவனின் இலாபத்துக்காக மிதிக்கும் உரிமை வேறு. பகுத்தறிவின் பெயரால் இரண்டையும் ஒன்றாக்குவோர், தாம் அறியாமலே கம்பனியின் கணக்கப்பிள்ளைகளாகின்றனர்.

அனுமதிபெற்ற நிலம் 777 ஏக்கர், மலைத்தொகுதியின் நூற்றிலொரு பங்கே என்ற வாதமும் உண்டு. ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் எத்தனையில் ஒரு பங்கு என்று யாரும் கணக்கிட்டுக் குடிப்பதில்லை. தளத்திலே கூலிக்கு உழைக்கும் தொழிலாளரின் சம்பளத்தைப்பற்றிய கேள்வியை நாம் அலட்சியஞ் செய்யவில்லை. ஆனால் வானம் பொய்த்தால் தொழிலாளி பட்டினி கிடப்பான் என்ற நிலைமையை உண்டாக்கியவர் ஹோப்பி மக்களல்லர்.

திணைக்களம் யாரிடம் வளைந்து கொடுக்கின்றது என்பதற்கு மற்றுமோர் உதாரணம் தருவோம். பொதுநிலத்தின் தளங்களுக்கெனக் கம்பனிகள் பெற்றிருக்கும் நீருரிமையை அரசாங்கத்தின் பெயருக்கு மாற்றவேண்டும் என்றொரு நிபந்தனையை 2011 இல் அது அனுமதிகளிற் சேர்த்தது. நியாயமான நிபந்தனை, நீர் காட்டோடு இருக்கவேண்டியதுதானே! சறுக்குத்தள உரிமையாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று 2012 இல் நீதிமன்றம் நிபந்தனையைத் தள்ளிற்று. நடைமுறையைத் திருத்திக்கொண்டு திணைக்களம் மீண்டும் அதனைக் கொண்டுவந்திருக்கலாம். 2015 இல் வெளிவந்த இறுதி விதியிலோ நீருரிமையைக் கைமாற்றும் கோரிக்கையே இல்லை. கம்பனியின் நீர் அகவுணர்வன்று, சொத்து.

அனுமதி என்பது மாற்றவியலாத விதியோ எனின், அன்று. கலிபோர்னியாவின் மினரல் கிங் பள்ளத்தாக்கிலே சறுக்குத் தளம் அமைக்க 1965 இல் இதே வனத் திணைக்களம் கேள்விமனுக் கோரி, வோல்ட் டிஸ்னி கம்பனியின் 3 கோடி 50 இலட்சம் டொலர்த் திட்டத்தைத் தெரிவுசெய்தது. அதனை எதிர்த்தோர் 1972 இல் அதியுயர் நீதிமன்றத்திலே தோல்வியே கண்டனர். எனினும் எதிர்ப்பு ஓயவில்லை. காலதாமதமும் பொதுமக்களின் கண்டனமும் திட்டத்தை நலிவித்தன. 1978 இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தின்மூலம் அப்பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவோடு இணைத்துவிட்டது. சறுக்குத் தளம் அங்கே எழவேயில்லை. நகரத்துப் படித்த வகுப்பினர் விரும்பிய பள்ளத்தாக்குக்குக் காங்கிரஸ் செய்ததைப் பதின்மூன்று இனங்கள் வணங்கும் மலைக்கும் செய்யலாம். அதற்கு ஒரே ஒரு சட்டம் போதும். அதுவரை ஒவ்வொரு மாரியிலும் பிளாக்ஸ்டாப் நகரத்தின் கழிவுநீர் குழாய்வழியே மலையேறிக்கொண்டிருக்கும்.