கெடுத்தவன் யார்?

பெருமுக்கல் மலையடிவாரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் படிக்கப் போகும் பையன் போனில் ரம்மி ஆடினால் போதும். "அப்பன் சீட்டாடி, மகனுக்குச் சேர்க்கை சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்லக் கனவான்கள் கிளம்பிவிடுகிறார்கள்.

தீபாவளிக்குப் பெரியவர்கள் காசு வைத்து ஆடுவதைப் பையன் பார்த்துத்தான் வளர்கிறான். நாம் அதை மறைக்கவில்லை. ஆனால் அப்பனுக்கு அதிர்ஷ்ட ஆசை ஊட்டியது யார்? 1968-ல் லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியது தமிழ்நாட்டு சர்க்காரே! 2003-ல் தடை வரும்வரை கூலிக்காரனின் மடிக்காசு அதில் கரைந்தது.

கூட்டாளி கெடுத்தானாம். "நண்பனைச் சேர்த்துவிடு, பணம் தருகிறோம்" என்று கூட்டாளியைக் கமிஷன் தரகனாக்கியவை ரம்மிக் கம்பெனிகள் அல்லவா? "இது சூதல்ல, திறமை" என்று வாதாடி, 2021-ல் ஹைகோர்ட்டில் தமிழ்நாட்டின் தடைச் சட்டத்தை அவை உடைத்தன. சட்டசபை 2022-ல் நிறைவேற்றிய புதிய மசோதாவைக் கவர்னர் ரவி 2023 மார்ச்சில் திருப்பியனுப்பினார். டில்லி சர்க்காரோ அதே ஆண்டு அக்டோபரில், கட்டும் பந்தயப் பணம் முழுவதன் மீதும் 28 சதவீத வரி போட்டுப் பங்கு வாங்கிக்கொண்டது!

பதினெட்டு வயது வரம்பாம்! தகப்பனாரின் போனும் ஆதாரும் வீட்டில்தானே கிடக்கின்றன?

2025 ஆகஸ்டில்தான் டில்லிக்கு ஞானோதயம். காசாட்டத்துக்குத் தடை, நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை. நல்லது. ஆட்டம் நின்றாலும், விட்ட காசுக்கு வாங்கிய கடனின் வட்டி நிற்காது. அதைத் தாயின் தலையில் கட்டாதே, கம்பெனிகள் சுருட்டியதிலிருந்து தீர்த்துவை என்று கேட்கிறோம்.