நிர்வாகம் பொறுப்பல்ல

சுற்றுலா, முகாம், விளையாட்டுப் போட்டி என்று எதற்குப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியே கூட்டிப் போனாலும் முதலில் வீட்டுக்கு ஒரு தாள் வரும். திருச்சியில் படித்த பலருக்கும் அந்தத் தாள் ஞாபகம் இருக்கும். மேலே பள்ளியின் பெயர், நடுவில் போகும் இடம், கட்டணம், கொண்டுவர வேண்டிய பொருட்கள் (தண்ணீர் பாட்டில், தொப்பி, மதியச் சாப்பாடு). கடைசியில் பொடி எழுத்தில், அசம்பாவிதம் ஏதும் நடந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற பொருளில் ஒரு வரி. அதன் கீழே அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலும் காலையில் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில், சுவரில் தாளை வைத்து, படித்துப் பார்க்காமலே போடுகிற கையெழுத்து அது.

அந்தத் தாளில் என்னென்ன இல்லை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூட வரும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று இருக்காது. அவர்களின் பெயரும் செல் நம்பரும் இருக்காது. போகிற வழியில், திட்டத்தில் இல்லாத ஒரு இடத்துக்குப் போகலாமே என்று யாராவது கிளப்பினால் அதற்கு "கூடாது" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பது நிச்சயமாக இருக்காது.

கடைசியாகச் சொன்னதுதான் உயிர்ப் பிரச்சினை. மாயனூரில் நடந்தது அதுதான்.

2023 பிப்ரவரி 15. புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை ஒன்றியத்தில் பிலிப்பட்டி என்ற ஊரின் அரசு நடுநிலைப் பள்ளி மாணவிகள், திருச்சி மாவட்டம் தொட்டியம் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நடந்த கால்பந்துப் போட்டிக்கு வந்தார்கள். நடுநிலைப் பள்ளி என்றால் எல்லோரும் எட்டாம் வகுப்புக்குள் இருக்கும் சிறுமிகள். கிராமத்து அரசுப் பள்ளியிலிருந்து பெண்கள் கால்பந்து அணி ஒன்று புறப்பட்டு வருவது சாதாரண விஷயமா? அதற்குப் பின்னால் யாரோ சில ஆசிரியர்களின் கூடுதல் உழைப்பு இருந்திருக்க வேண்டும். வந்த இடத்தில், கரூர் மாவட்டத்தில் இருக்கும் மாயனூர் கதவணைப் பக்கம் போய்க் காவிரியில் இறங்கினார்கள். நான்கு சிறுமிகள் மூழ்கி இறந்துபோனார்கள்.

பிறகு வழக்கமாக நடப்பது எல்லாம் நடந்தது. முதலமைச்சரின் இரங்கல் செய்தி வந்தது. குடும்பத்துக்குத் தலா 2 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. தலைமை ஆசிரியரும் இரண்டு ஆசிரியர்களும் சஸ்பெண்ட் ஆனார்கள். நாலு நாள் பேப்பரில் வந்தது, டீக்கடையில் பேசினார்கள், முடிந்தது.

அதே ஆண்டு மே மாதம், ஸ்ரீரங்கம். வேத பாடசாலை ஒன்றில் தங்கிப் படித்த சிறுவர்கள் அதிகாலையில் கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போனார்கள். மூன்று பேரைத் தண்ணீர் இழுத்துக்கொண்டது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குக் கொள்ளிடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டின் பல மாதங்கள் மணலாகக் கிடக்கும், நடுவில் ஒரு ஓரமாகக் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும். பார்த்தால் ஆறு என்றே தோன்றாது. ஆனால் முக்கொம்பில்தான் காவிரி இரண்டாகப் பிரிகிறது. அங்கே மிச்சத் தண்ணீரைத் திறந்தால் அது வரும் வழி கொள்ளிடம். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் எங்கே இருக்கின்றன என்பது மேலே நின்று பார்த்தால் தெரியாது. இதெல்லாம் கரையோரத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியும். எங்கிருந்தோ வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்? யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். அந்த "யாராவது" யார் என்று எழுதி வைத்திருக்கிறதா என்பதே கேள்வி.

"ஆற்றில் குளிப்பதுகூட ஒரு குற்றமா?" என்று கேட்பார்கள். இல்லைதான். வீட்டில் இருக்கும் பிள்ளை ஆற்றுக்குப் போவதும், ஒரு அமைப்பின் கையில் ஒப்படைக்கப்பட்ட பிள்ளை போவதும் ஒன்றல்ல. ஒப்படைத்த நிமிடத்திலிருந்து அப்பா அம்மாவின் இடத்தில் அந்த அமைப்புதான் நிற்கிறது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1995 மே மாதம் பஞ்சாபில் பதான்கோட் அருகே ஒரு பள்ளி பிக்னிக் என்று பிள்ளைகளை பியாஸ் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனது. 14 மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2001-இல் தீர்ப்பு வந்தது: பள்ளிதான் பொறுப்பு, இறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு. பெரியவர்களிடம் காட்டும் கவனத்தைவிடச் சிறுவர்களிடம் காட்ட வேண்டிய கவனம் பல மடங்கு அதிகம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அப்படியிருக்க, சுவரில் வைத்துக் கையெழுத்து வாங்கிய தாளின் பொடி எழுத்து வரி நிர்வாகத்தை எந்த அளவுக்குக் காப்பாற்றிவிடும்? அது பெற்றோரைப் பயமுறுத்தத்தான் உதவும்.

இங்கிலாந்திலும் இதே போல நான்கு பிள்ளைகள். 1993 மார்ச்சில் பிளிமத் நகரப் பள்ளி மாணவர்கள் சாகச மையம் ஒன்றின் மூலம் லைம் பே கடலில் சிறு படகு ஓட்டப் போய், நான்கு பேர் இறந்தார்கள். அந்த மையத்தில் வேலை பார்த்த பயிற்சியாளர்கள் முன்பே பாதுகாப்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள் என்பது விசாரணையில் வெளியே வந்தது. மையத்தை நடத்திய கம்பெனியும் அதன் நிர்வாக இயக்குநரும் தண்டிக்கப்பட்டார்கள். 1995-இல் இப்படிப்பட்ட மையங்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று தனிச் சட்டமே வந்தது. இறந்தவர்கள் அங்கேயும் நாலு பேர், இங்கேயும் நாலு பேர்... கூடப் போன ஆசிரியரோடு அங்கே விசாரணை நிற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகிய பிறகு பள்ளிக் கூரைகளில் கீற்றைத் தேடித் தேடிப் பிரித்தோம். நல்லது. ஆனால் கீற்றோடு பாடம் முடிந்துவிட்டது. தண்ணீர் வேறு, பஸ் வேறு, முகாம் வேறு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பலி கொடுத்துத்தான் கற்றுக்கொள்வோம் போலிருக்கிறது.

பி.காம். தணிக்கைப் பாடத்தில் "இன்டர்னல் செக்" என்று ஒன்று வரும். விஷயம் ரொம்ப எளிது. ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே ஆள் கையில் விடாதே. பணம் வாங்குபவர் ஒருவர், கணக்கில் எழுதுபவர் இன்னொருவர், சரிபார்ப்பவர் மூன்றாமவர். யாரையும் திருடன் என்று சந்தேகப்பட்டு வைத்த முறை இல்லை இது. நல்லவரும் தப்பு செய்ய முடியாதபடி, செய்தாலும் அன்றைக்கே தெரிகிற மாதிரி வைத்த முறை. சில்லறைச் செலவில் ஆட்டோவுக்குக் கொடுத்த 80 ரூபாய்க்குக்கூட வவுச்சரும் இரண்டு கையெழுத்தும் கேட்கிற பள்ளி நிர்வாகங்கள் உண்டு. அதே நிர்வாகம் 40 பிள்ளைகளை ஒரு ஆளை நம்பி பஸ்ஸில் ஏற்றி அனுப்பும். ரொக்கத்துக்கு இருக்கிற மரியாதை பிள்ளைகளுக்கு இல்லை.

அமெரிக்க சாரணர் இயக்கத்தில் எந்த நிகழ்ச்சிக்கும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், ஒரு பெரியவர் ஒரு சிறுவனோடு தனியாக இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. இதுவும் இன்டர்னல் செக்தான். ஆனால் பல பத்தாண்டுகளாக அங்கே நடந்த அத்துமீறல்களுக்காக 80,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கேட்டு வந்ததையும், 2020-இல் அந்த இயக்கம் திவால் மனு போட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விதி தாளில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை.

நம் ஊர் உதாரணம் கிருஷ்ணகிரி. 2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி நடத்தினார்கள். மாணவிகள் பள்ளியிலேயே இரவில் தங்கினார்கள். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்முறைக்கு ஆளானாள், மேலும் பல மாணவிகளும் புகார் சொன்னார்கள். பிறகுதான் தெரிந்தது, முகாம் நடத்தியவர்களுக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை என்று! என்.சி.சி. அலுவலகத்துக்கு ஒரே ஒரு போன் போட்டிருந்தால் வெளிப்பட்டிருக்கும். காக்கிச் சட்டை, விசில், விறைப்பான நடை... இவ்வளவே அடையாள அட்டையாகப் போதுமானதாக இருந்திருக்கிறது. பள்ளிக்குச் சிமென்ட் சப்ளை செய்ய வருபவரிடம்கூட ஜி.எஸ்.டி. நம்பர் கேட்பார்களே! விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள் என்ற புகாரில் பள்ளி முதல்வர் உள்ளிட்டோரும் கைதானார்கள். போக்சோ சட்டத்தின்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை.

சரி, வெளியாள் வந்தால் விசாரிக்கலாம். உள்ளாளே என்றால்? 2025 பிப்ரவரியில் மணப்பாறையில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்புச் சிறுமியிடம் அத்துமீறியதாகக் கைதானவர் பள்ளித் தாளாளரின் கணவர். ஊரே திரண்டு பள்ளியை முற்றுகையிட்டது. அந்த இடத்தில் ஒரு குழந்தை யாரிடம் போய்ப் புகார் சொல்லும்? வகுப்பு ஆசிரியர், தலைமை ஆசிரியர், தாளாளர் என்று படிப்படியாக ஏறிப் போனால் அந்த வீட்டு வாசலில்தான் முடிகிறது. அதனால்தான் புகார் போகும் வழி நிர்வாகத்துக்கு வெளியே திறந்திருக்க வேண்டும். 1098 என்ற எண்ணை அலுவலக அறையில் மாட்டாமல் கழிப்பறைக்குப் போகும் வழியில், குழந்தையின் உயரத்துக்கு மாட்டினால் என்ன?

புதிதாகச் சட்டம் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. 2020-இல் வந்த போக்சோ விதிகளே, குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் ஊழியர்கள் எல்லோருக்கும் அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்கின்றன. பள்ளி மட்டுமல்ல, காப்பகம், விளையாட்டு அகாடமி எல்லாம் அதில் அடக்கம். பாட்டு வகுப்பும் கராத்தே வகுப்பும் தினம் பிள்ளைகளோடு பழகும் இடங்கள்தானே?

இப்படி எல்லாம் கெடுபிடி செய்தால் எந்த ஆசிரியரும் பிள்ளைகளை எங்கேயும் கூட்டிப் போக மாட்டார் என்று ஒரு எதிர்வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. வசதியான பள்ளிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, பிலிப்பட்டி மாதிரிப் பள்ளிப் பிள்ளைகள்தான் வீட்டோடு அடைந்து கிடப்பார்கள். ஆனால் இப்போதைய நிலைமை அந்த ஆசிரியருக்கு மட்டும் நல்லதா? கையில் ஒரு விதியும் கொடுக்காமல், மாற்று ஆளும் கொடுக்காமல் அனுப்பிவிட்டு, ஏதாவது நடந்தால் அவரை சஸ்பெண்ட் செய்கிறோம். "தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது, பயணத் திட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் தலைமை ஆசிரியருக்கு போன் செய்து அனுமதி வாங்க வேண்டும்" என்று தாளில் இரண்டு வரி இருந்தால், ஆற்றைப் பார்த்ததும் "சார், சார், அஞ்சே நிமிஷம் சார்" என்று கெஞ்சும் பிள்ளைகளிடம் அவர் அதைக் காட்டித் தப்பிக்கலாம். கெட்ட பெயர் தாளுக்குப் போகட்டும்.

செலவும் ஒன்றும் பெரிதில்லை. இரண்டாவதாக ஒரு பெரியவர், பெயர்ப் பட்டியல், ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவது, ஒரு போன்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் உத்தர வீதி, சித்திரை வீதிச் சுவர்களிலும் அம்மா மண்டபம் ரோட்டுக் கம்பங்களிலும் கோடைக்கால வகுப்பு நோட்டீஸ்கள் வந்துவிடும். நீச்சல், யோகா, சுலோகம், ஓவியம், சிலம்பம், ஒருநாள் சுற்றுலா இலவசம். கீழே ஒரு செல் நம்பர் இருக்கும். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கத்தான் எல்லோரும் அதற்குப் போன் போடுவார்கள். கூடவே மூன்று கேள்வி கேட்கலாம். பிள்ளைகளோடு எத்தனை பெரியவர்கள் இருப்பார்கள்? அவர்களைப் பற்றி போலீசில் விசாரித்தது எப்போது? அந்த ஒருநாள் சுற்றுலா எந்த இடத்துக்கு, அங்கே தண்ணீர் இருக்கிறதா? எதிர்முனையில் எரிச்சலோடு "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் மேடம்" என்று பதில் வந்தால், ஃபீஸ் மிச்சம்.