கறிக்கு ஊசி போடுகிறார்கள்!

மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் ஊசி போடுவார்கள். ஆடு மாடுகளுக்கு நோய் வந்தாலும் ஊசி உண்டு. ஆனால், வெட்டி எடுத்த கறிக்கு ஊசி போட்டதாகக் கேள்விப்பட்டது உண்டா?

அமெரிக்காவில் போடுகிறார்கள்!

கோடை காலம் வந்துவிட்டால் போதும். அங்கே வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் கரி அடுப்புப் புகையும். ஜூலை 4-ந் தேதி அமெரிக்காவின் சுதந்திர தினம். அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். குடும்பம் முழுவதும் அடுப்பைச் சுற்றித்தான் இருக்கும். பிள்ளைகள் தட்டுகளோடு காத்திருப்பார்கள். அடுப்பின் மேல் பெரிய பன்றிக் கறித் துண்டு ஒன்று முழுசாக வெந்துகொண்டு இருக்கும்.

அந்தக் கறிக்குத்தான் ஊசி. அது மருந்து ஊசி அல்ல, சுவை ஊசி!

ஏன் இந்த ஊசி?

பன்றியின் முதுகுக் கறியில் கொழுப்பு குறைவு. நெருப்பில் வைத்தால் சீக்கிரம் வறண்டு, சக்கை போல ஆகிவிடும். உப்பையும் மசாலாவையும் மேலே தடவினால், மேலோடு நின்றுவிடும். 2 கிலோ எடையுள்ள துண்டின் நடுப்பகுதிக்கு அது ஓரிரு மணி நேரத்தில் போய்ச் சேராது.

ஆகவே, ஒரு யுக்தி செய்கிறார்கள். ஆப்பிள் பழச்சாறு, தண்ணீர், உப்பு, சர்க்கரை ஆகியவற்றை ஒன்றாகக் கலக்குகிறார்கள். அதை ஊசிக்குழாயில் ஏற்றுகிறார்கள். ஊசியின் பக்கவாட்டிலும் சிறு துளைகள் இருக்கும். கறியில் இங்கும் அங்குமாகக் குத்தி, சாற்றை மெல்ல உள்ளே செலுத்துகிறார்கள். 2 கிலோ கறிக்கு ஏறக்குறைய 200 மில்லி சாறு போதும்.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. கறிக்குள் இருக்கும் நீர் வெளியேறாமல் அது பிடித்து வைக்கும். அதனால் கறி வெந்த பிறகும் மெதுவாக இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் சுவை இருக்கும்.

டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. கறி சுடும் போட்டி ஒன்று அங்கே 1978-ம் ஆண்டில் தொடங்கியது. அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த "பிக் பாப் கிப்சன்" உணவு விடுதிக்காரர்கள் அந்தப் போட்டியில் பல முறை பரிசு பெற்றார்கள். ஆப்பிள் சாற்றை ஊசி மூலம் செலுத்திச் சுட்ட தோள்கறிதான் அவர்களுக்குப் பேர் வாங்கித் தந்தது.

உருண்டை அடுப்பு

இன்று அமெரிக்க வீடுகளில் காணப்படும் உருண்டையான கரி அடுப்புக்கும் ஒரு கதை உண்டு.

சிகாகோவில் ஒரு உலோகப் பட்டறை. தண்ணீரில் மிதக்கும் இரும்பு மிதவைகளை அங்கே செய்தார்கள். ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் அந்தப் பட்டறையில் வேலை பார்த்தார். அவருக்குக் கறி சுடுவதில் ஆசை. ஆனால் திறந்த அடுப்பில் காற்று அடித்தது, சாம்பல் பறந்தது. 1952-ம் ஆண்டில் அவர் ஒரு மிதவையை இரண்டாக வெட்டினார். கீழ்ப்பாதியில் கரி. மேல்பாதி மூடி. அடுப்பு தயார்!

அந்த மூடிதான் முக்கியம். கரியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட வேண்டும். மறு பக்கத்தில், நெருப்பு நேராகப் படாத இடத்தில், கறியை வைக்க வேண்டும். மூடியைப் போட்டால், சூடான காற்று கறியைச் சுற்றிச் சுற்றி வரும். வெளியே கருகாமல் உள்ளே வேகும். 2 கிலோ முதுகுக் கறி வேகச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இதுவரை எல்லாம் சரிதான். ஆபத்து இனிமேல்தான் இருக்கிறது.

சுவையோடு கிருமி!

முழுக் கறித் துண்டில், நோய்க் கிருமிகள் பெரும்பாலும் மேல்புறத்தில்தான் இருக்கும். வெட்டிய கத்தி, பலகை, தொட்ட கை ஆகியவற்றின் மூலம் வந்து ஒட்டிக்கொள்ளும். நெருப்பில் வைத்ததும், முதலில் சூடாவது மேல்புறம்தான். கிருமிகள் அங்கேயே மடிந்துவிடும்.

ஆனால் ஊசி குத்தினால்?

மேலே இருந்த கிருமியையும் ஊசி உள்ளே தள்ளிவிடுகிறது. கறியின் நடுப்பகுதிதான் கடைசியில் சூடாகும் இடம். கிருமி அங்கே போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறது! மேலே பொன்னிறமாக வெந்து இருக்கும். வாசனை ஆளைத் தூக்கும். உள்ளே கிருமி உயிரோடு இருக்கும். அதைத் தின்னும் குழந்தைக்கு வாந்தி, பேதி. அதற்கு மேலும் வரலாம்.

சாறு இருந்த பாத்திரத்திலும் இதே தொல்லை உண்டு. கறியில் குத்திய ஊசியை மறுபடியும் பாத்திரத்தில் விட்டால், மிச்சச் சாறும் கெட்டுவிடும். அதைக் குழம்பு போல மேலே ஊற்றித் தின்னக்கூடாது. கொட்டிவிட வேண்டும். ஊசியைச் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவ வேண்டும்.

கண்ணை நம்பலாமா?

கறி வெந்துவிட்டதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? "நிறத்தைப் பார்த்தால் தெரியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது! சிவப்பாக இருக்கும் கறி சரியாக வெந்திருக்கலாம். பழுப்பாக இருக்கும் கறி வேகாமலும் இருக்கலாம். கடிகாரத்தையும் நம்ப முடியாது. ஒரு நாள் கரி சூடாக எரியும். ஒரு நாள் மந்தமாக எரியும்.

நம்பத் தகுந்தது ஒன்றுதான். அது தெர்மாமீட்டர். கறியின் கனமான பகுதியில், நடு மையத்தில் அதைக் குத்திப் பார்க்க வேண்டும்.

முழுத் துண்டுப் பன்றிக் கறிக்கு 160 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கத்தின் விவசாய இலாகா முன்பு சொல்லி வந்தது. 2011-ம் ஆண்டில் அதை 145 டிகிரியாகக் குறைத்தது. சென்டிகிரேடு கணக்கில் இது 63 டிகிரி. அடுப்பில் இருந்து இறக்கிய பிறகு, 3 நிமிடம் கறியைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது.

முன்பு ஏன் அவ்வளவு பயம்? பன்றிக் கறியில் "டிரிக்கினெல்லா" என்ற கண்ணுக்குத் தெரியாத புழு இருந்தது. 1940-களின் பிற்பகுதியில், அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 பேருக்கு அந்தப் புழுவால் நோய் வந்தது. வேக வைக்காத எச்சில் கழிவைப் பன்றிக்குப் போடக்கூடாது என்று 1980-ம் ஆண்டில் மத்திய சட்டம் வந்தது. பண்ணைகள் சுத்தமாயின. 2011 முதல் 2015 வரை, நோய் கண்டவர்கள் சராசரியாக ஆண்டுக்கு 20 பேருக்கும் குறைவு. நல்ல சட்டம் எத்தனை வீடுகளைக் காப்பாற்றும் என்பதற்கு இது சாட்சி.

அந்த 3 நிமிடமும் சும்மா இல்லை. அடுப்பை விட்டு இறக்கிய பிறகும் உள்ளே சூடு வேலை செய்கிறது. மிச்சக் கிருமிகள் அப்போதுதான் மடிகின்றன. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தவர்கள், கடைசி 3 நிமிடம் காத்திருக்க மாட்டாமல் கத்தியை எடுக்கிறார்கள். "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக்கூடாதா?" என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கும் பொருந்தும்!

தண்ணீருக்கும் கறி விலையா?

இன்னும் ஒன்று. கடையில் வாங்கும் கறிக்கே சில சமயம் ஊசி போட்டு இருப்பார்கள்! உப்புத் தண்ணீரை ஏற்றி, எடையைக் கூட்டி விற்பார்கள். வாங்குகிறவர் தண்ணீருக்கும் சேர்த்துக் கறி விலை கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து அதே கறிக்கு மறுபடியும் உப்பு ஊசி போட்டால், வாயில் வைக்க முடியாது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது கெடுதலும் கூட.

ஏற்றிய சாறு எத்தனை சதவிகிதம் என்பதைச் சீட்டில் பளிச்சென்று அச்சிட வேண்டும் என்ற விதி அங்கே 2016-ம் ஆண்டில் அமலுக்கு வந்தது. அதே ஆண்டில் இன்னொரு விதியும் வந்தது. ஊசியாலோ கத்தியாலோ குத்தி மெதுவாக்கிய மாட்டுக் கறியானால், அதையும் சொல்ல வேண்டும். எவ்வளவு சூட்டில் சமைக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். ஆனால் இந்த இரண்டாவது விதி மாட்டுக் கறிக்கு மட்டும் வந்தது.

பன்றிக் கறி தின்பவரின் வயிறு வேறு வயிறா? ஊசி ஒன்றுதான், கிருமி போகும் வழியும் ஒன்றுதான். குத்திய கறி எதுவானாலும், சீட்டில் சொல்ல வேண்டும். அதுவே நியாயம்.

சட்டம் வரும்வரை, குடும்பத்தார் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டும். வாங்கும்போது சீட்டைப் படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை, படியுங்கள். சமைக்கும்போது தெர்மாமீட்டரைப் பாருங்கள். மழை பெய்தாலும் கரி அடுப்பை வீட்டுக்குள் தூக்கி வராதீர்கள். கரியில் இருந்து வரும் விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

ஒரு சாதாரண தெர்மாமீட்டரின் விலை, ஒரு வேளைக் கறியின் விலைகூட இருக்காது. விருந்துக்குக் கூப்பிட்ட பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் இருக்க, அந்தச் செலவைச் செய்யலாம் அல்லவா?