ரைட் கிளிக் பண்ணா ஏன் சுத்துது?

போன செமஸ்டர் ப்ராஜெக்ட் ரிவ்யூ. பேனல் முன்னாடி லேப்டாப்பைத் திறந்து வைத்து நிற்கிறேன். "டேட்டாசெட் எத்தனை ஜிபி வரும்?" என்று கேட்டார் சார். ப்ராப்பர்ட்டீஸ் பார்த்துச் சொல்லலாம் என்று ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் பண்ணினேன். நீல வட்டம் சுத்துது... சுத்திக்கிட்டே இருக்கு. திடீர்னு டாஸ்க்பார் காணாமல் போய், ஸ்கிரீன் ஒரு தடவை மினுக்கி, திறந்து வைத்திருந்த ஃபோல்டர் எல்லாம் மூடிக்கொண்டன. "முதல்ல சிஸ்டத்தை சரி பண்ணிட்டு வாப்பா" என்றார்.

எங்க கோடில் ஒரு தப்பும் இல்லை. எப்போதோ போட்ட ஒரு இலவச சாஃப்ட்வேர், கேட்காமலே ரைட் கிளிக் மெனுவில் வந்து உட்கார்ந்திருந்தது. வினை அதுதான் என்று அன்று ராத்திரிதான் தெரிந்தது.

இதைப் படித்ததும், "ஆட்-ஆன் எதுவும் போடாதீங்க"ன்னு சொல்லப் போறேன்னு நினைச்சா, இல்லை. போடுங்க. விஎஸ் கோடுக்கு தீம், ஃபான்ட், இருபது எக்ஸ்டென்ஷன் என்று பார்த்துப் பார்த்து அலங்கரிக்கிறோம். ஆனால் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை திறக்கிற ஃபைல் எக்ஸ்புளோரர் மட்டும் வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே கிடக்கு. எதைப் போடுறோம், அது எங்கே போய் உட்காருது என்று தெரிந்து போடணும், அவ்வளவுதான்.

என் முதல் ஓட்டு 'எவ்ரிதிங்' என்கிற தேடல் மென்பொருளுக்கு. எக்ஸ்புளோரரின் தேடல் பெட்டியில் பெயரை அடித்துவிட்டு டீ குடித்து வரலாம். எவ்ரிதிங்கில் நாலு எழுத்து அடிப்பதற்குள் ஃபைல் வந்து நிற்கும். மந்திரம் ஒன்றும் இல்லை. என்டிஎஃப்எஸ் டிரைவில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மாஸ்டர் ஃபைல் டேபிளில் ஒரு பதிவு இருக்கும். எவ்ரிதிங் ஃபோல்டர் ஃபோல்டராக அலையாமல் நேரே அந்தப் பதிவேட்டைப் படித்துவிடுகிறது. ஓஎஸ் பேப்பருக்கு மனப்பாடம் பண்ணிய ஃபைல் சிஸ்டம் யூனிட் உண்மையிலேயே எதற்கோ பயன்படுகிறது என்று எனக்குப் புரிந்த நாள் அது.

அடுத்தது மைக்ரோசாஃப்டே ஓப்பன் சோர்ஸாகத் தருகிற 'பவர்டாய்ஸ்'. அதில் உள்ள பவர்ரீநேம், லேபில் எடுத்த அறுபது போட்டோவுக்கும் ஒரே அடியில் பெயர் மாற்றும். ரெகுலர் எக்ஸ்ப்ரஷனும் ஏற்கும். பென்டிரைவைப் பிடுங்கப் போனால் "யாரோ பயன்படுத்துகிறார்கள்" என்று விண்டோஸ் மொட்டையாகச் சொல்லுமே, அந்த 'யாரோ' யார் என்று ஃபைல் லாக்ஸ்மித் காட்டிக்கொடுத்துவிடும். ஃபைலைத் திறக்காமலே எட்டிப் பார்க்க 'பீக்' இருக்கு.

விண்டோஸிலேயே இருப்பதைத் திரும்பப் போடாதீங்க. ஒரு காலத்தில் எக்ஸ்புளோரரில் டேப் வேண்டுமென்றால் 'க்யூடிடேப்பார்' போடணும். விண்டோஸ் 11-க்கு 2022-லேயே டேப் வந்துவிட்டது. ஆர்ஏஆர், 7இசட் ஃபைல்களைப் பிரிக்கும் வசதியும் 2023-ல் வந்தது. இன்னும் அதற்காக ஏதாவது சைட்டில் டவுன்லோட் பட்டன் தேடுவது, வீட்டில் சாப்பாடு இருக்கும்போது மெஸ் க்யூவில் நிற்கிற கதை.

இப்போ என் ரிவ்யூ கதைக்கு வருவோம். எவ்ரிதிங் மாதிரி தனியாக ஓடுகிறவை ஒரு ஜாதி. அது விழுந்தால் அது மட்டும்தான் விழும். ரைட் கிளிக் மெனுவில் வரிகளைச் சேர்க்கிற ஷெல் எக்ஸ்டென்ஷன் பெரும்பாலும் வேற ஜாதி. அது ஒரு டிஎல்எல். எக்ஸ்புளோரரின் ப்ராசஸுக்கு உள்ளேயே போய் லோட் ஆகும். நாம் ரைட் கிளிக் பண்ணியதும் எக்ஸ்புளோரர் ஒவ்வொருவரிடமும் "உன் பங்குக்கு என்ன காட்டணும்?" என்று வரிசையாகக் கேட்கும். ஒருத்தர் எங்கேயாவது நெட்வொர்க்கில் பதிலுக்குக் காத்திருந்தால் மொத்த மெனுவும் காத்திருக்கும். ஒருத்தர் கிராஷ் ஆனால் எக்ஸ்புளோரரையும் இழுத்துக்கொண்டு போவார். டாஸ்க்பாரும் டெஸ்க்டாப்பும் அதே ப்ராசஸ்தான், அதான் என் ஸ்கிரீன் மொத்தமும் மினுக்கியது. விண்டோஸ் 11 மெனுவைச் சுருக்கி, மிச்சத்தை 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' பின்னால் தள்ளியதை நானும் திட்டியவன்தான். இப்போ திட்டுவதில்லை.

இதில் ஒரு காமெடியும் உண்டு. ஐகான் மூலையில் பச்சை டிக், சிவப்பு குறி வருமே, அந்த ஓவர்லே மொத்தம் 15 மட்டும்தான் விண்டோஸ் ஏற்கும், அதுவும் அகரவரிசைப்படி. அதனால் சில பெரிய கம்பெனி மென்பொருள்களே ரிஜிஸ்ட்ரியில் தங்கள் பெயருக்கு முன்னால் ஸ்பேஸ் போட்டு வரிசையில் முந்திக்கொள்கின்றன. 'டார்ட்டாய்ஸ்கிட்' போட்டும் ஐகான் வரலைன்னு தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இங்கே பாருங்க.

நிர்சாஃப்டின் 'ஷெல்எக்ஸ்வியூ' இன்ஸ்டால்கூடப் பண்ணத் தேவையில்லாத குட்டி டூல். உள்ளே உட்கார்ந்திருக்கிற எல்லாரையும் பட்டியல் போடும். மைக்ரோசாஃப்ட் அல்லாதவற்றை ஒவ்வொன்றாக அணைத்து, எக்ஸ்புளோரரை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். ஆறாவது ஆள் மாட்டினார். அழிக்க வேண்டாம், டிசேபிள் போதும். தப்பான ஆளைப் பிடித்திருந்தால் திரும்ப விட்டுவிடலாம்.

ஆட்-ஆனே இல்லாத ஒரு வேலையும் பாக்கி: வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் பண்ணிடுங்க. விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கும். ஹாஸ்டலில் சுற்றுகிற பென்டிரைவில் 'கொஸ்டின்பேப்பர்.பிடிஎஃப்' என்று தெரிவது, உண்மையில் 'கொஸ்டின்பேப்பர்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ'யாக இருக்கலாம்.

அடுத்த ரிவ்யூவில் மெனு டக்கென்று திறந்தது. 4.2 ஜிபி என்றேன். "சரி, அக்யூரசி ஏன் இவ்வளவு கம்மி?" என்று கேட்டார். அதற்கு இன்னும் ஆட்-ஆன் கிடைக்கலை.