கையெழுத்து இருக்கிறது, கை எங்கே?

சார், நாளைக் காலை பத்து மணிக்குள், நான் செய்த சிகிச்சைகளைக் குறித்துவைக்கும் லாக்புக் உங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்றீர்கள். இரைப்பை-குடல் டி.எம். இறுதித் தேர்வுக்கு முன் அதில் உங்கள் கையெழுத்து விழ வேண்டும். இ.ஆர்.சி.பி. பக்கம் மட்டும் இன்னும் காலியாகக் கிடக்கிறது. "போன பேட்ச்ல என்ன எழுதியிருக்காங்களோ அதையே எழுதிடும்மா, நான் போட்டுத் தர்றேன்" என்றீர்கள். என்ன ஒரு தாராள மனசு!

மூன்று வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்றைக்கு முடியவில்லை சார்.

இந்த இடத்துக்கு நான் சும்மா வந்துவிடவில்லை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவமும் பாம்புக்கடியும் பார்த்த வருஷங்கள். எம்.டி. மூன்று வருஷம். அதன் பிறகு சூப்பர் ஸ்பெஷாலிட்டி நீட். 2021 நவம்பர் தேர்வுக்காகக் குடலையும் கல்லீரலையும் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தபோது, ஆகஸ்ட் கடைசியில் ஒரு அறிவிப்பு வந்தது: இனி கேள்விகள் முழுக்கப் பொது மருத்துவத்திலிருந்துதான் வருமாம். இளம் மருத்துவர்களைக் கால்பந்தாக நினைக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றமே கடிந்துகொண்டது. தேர்வு 2022 ஜனவரி 10-க்குத் தள்ளிப்போய்ப் பழைய முறையிலேயே நடந்தது. எழுதி முடித்தால், அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான 50 சதவீத ஒதுக்கீட்டின் மேல் வழக்கு. மார்ச்சில் அனுமதி கிடைத்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

இத்தனை உதை வாங்கிக்கொண்டு வந்தது எதற்கு? இந்தக் கையில் ஸ்கோப்பைப் பிடிக்கத்தானே?

உங்களுக்குத் தெரியாததா சார்? எங்கள் படிப்பு காதால் கேட்டு வருவதில்லை, கையில் ஏற வேண்டியது. இ.ஆர்.சி.பி.யையே எடுத்துக்கொள்ளுங்கள்: முன்சிறுகுடலின் பக்கச் சுவரில் ஒரு சின்ன முகடு. அதன் நுனியில் உள்ள ஓட்டைக்குள் கம்பியை நுழைத்துப் பித்தநாளத்தைப் பிடிக்க வேண்டும். தப்பித் தப்பிக் கணையநாளத்துக்குள் போனால், கல்லை எடுக்க வந்தவர் கணைய அழற்சியோடு வார்டுக்குத் திரும்புவார். அமெரிக்க எண்டோஸ்கோப்பி சங்கம், குறைந்தது 200 இ.ஆர்.சி.பி. செய்த பிறகுதான் ஒருவருக்குத் திறமை வந்ததா என்று எடை போடவே தொடங்கலாம் என்கிறது. நான் செய்தது எத்தனை? கடைசியில் சொல்கிறேன்.

மூன்று வருஷம் நான் என்ன செய்தேன் தெரியுமா? இரத்த மாதிரிக் குப்பிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லேபுக்கு ஓடினேன். சி.டி. ஸ்கேனுக்குத் தேதி கேட்டு வாசலில் நின்றேன். காப்பீட்டுத் திட்டப் படிவங்களை நிரப்பினேன். வயிறு வீங்கி வந்தவர்களுக்கு நீர் எடுத்தேன், லிட்டர் லிட்டராக. எலி பேஸ்ட்டைத் தின்றுவிட்டு வந்த பதினெட்டு வயசுப் பெண்களின் கல்லீரல் மூன்றாம் நாள் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ரெசிடென்ட் டாக்டர்கள் வழக்கமாக ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது 1992-இல். அப்போது எனக்குப் பால்பல்கூட விழவில்லை. இன்றைக்கும் என் டியூட்டி 36 மணி நேரம்.

உழைப்புக்கு நான் அழவில்லை சார். அந்த நோயாளிகள் எனக்குப் பாரமில்லை. இ.ஆர்.சி.பி. நாளன்று ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து நின்றால், "நீ பொம்பளப் பிள்ளை, நாளைக்குக் குழந்தை குட்டின்னு இருக்கு, எதுக்கும்மா இந்தக் கதிர்வீச்சு?" என்று ஒப்புதல் கையெழுத்து வாங்க வெளியே அனுப்பினீர்களே, அதற்குத்தான் வயிறு எரிகிறது. கதிர்வீச்சிலிருந்து என்னைக் காப்பாற்றிய உங்கள் கரிசனம், தொடர்ந்து இரண்டு ராத்திரி நான் தூங்காதபோது எங்கே போயிருந்தது?

அந்த ராத்திரியைச் சொல்லாமல் எப்படி விடுவது?

மூன்று ஆஸ்பத்திரி மாறி 108-இல் ஒருவர் வந்தார். நாற்பது வயசு இருக்கும். அவர் அம்மா கையிலிருந்த பிளாஸ்டிக் பேசின் நிறைய இரத்தம். ஸ்கோப்பை இறக்கினேன். உணவுக்குழாயில் என்றால் பேண்டு போட்டிருப்பேன், அது என் கைக்குத் தெரியும். இது இரைப்பையின் மேல்முகட்டில் புடைத்த நாளம். பசை ஊசிதான் போட வேண்டும். அந்தப் பசை இரத்தம் பட்ட சில நொடிகளில் கல்லாக இறுகும். நீங்கள் போடும்போது மருந்து கலந்து நீட்டியிருக்கிறேன். ஊசியை ஒருநாளும் என் கையில் தந்ததில்லை. நாலு முறை உங்களுக்கு ஃபோன் அடித்தேன். ஐந்தாவது முறை எடுத்தீர்கள். "ஃபைனல் இயர்தானே நீ? வீடியோ பார்த்திருப்பே இல்ல? போட்டுடும்மா."

போட்டேன். ஊசியை வெளியே எடுப்பதில் ஒரு நொடி தாமதித்தேன். சிக்கிக்கொண்டது. இழுத்தேன். திரை முழுக்கச் சிவப்பு.

விடியும்போது அவர் இல்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உன்னால முடிஞ்சதப் பண்ணினியா தாயி?" என்ன சொல்வேன் சார்? எனக்கு முடியும்படி யாரும் சொல்லித் தரவில்லை என்றா?

பிறகு விசாரணை. மேசை மேல் என் லாக்புக். "பசை ஊசி பதினைந்து போட்டதா எழுதியிருக்கீங்க, கீழே சீஃப் கையெழுத்து இருக்கு. இப்ப பழக்கமில்லைன்னா எப்படி டாக்டர்?" நீங்கள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பதினைந்தை எழுதச் சொன்ன வாய் அன்றைக்குத் திறக்கவே இல்லை. எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது என் கையெழுத்துத்தான். நானும்தானே எழுதினேன்? எழுதாவிட்டால் தேர்வில் உட்கார முடியாது என்று பயந்து எழுதினேன். அந்தப் பாவத்தில் என் பங்கை நான் மறுக்கவில்லை. உங்கள் பங்கை எப்போது ஏற்பீர்கள்?

இன்று சாயங்காலம் முதலாண்டுத் தம்பி வந்து நின்றான். "அக்கா, உங்க லாக்புக்கை ரெண்டு நாள் குடுங்கக்கா, பார்த்து எழுதிக்கிறேன்." அந்தப் பையனின் முகத்தில் இன்னும் தூக்கம் கெட்ட கறுப்புகூட விழவில்லை. அதற்குள் பொய்க்கு மாதிரி கேட்டு வந்துவிட்டான்.

அவனைக் காலையில் வரச் சொல்லிவிட்டு, பசை ஊசிப் பக்கத்திலிருந்த 15-ஐ அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: 1, நோயாளி இறந்தார். இ.ஆர்.சி.பி. பக்கத்தையும் நிரப்பிவிட்டேன். வெளியே நின்று பார்த்தது 140. கம்பி பிடித்துக் கொடுத்தது 31. என் கையால் செய்தது 2.

லாக்புக் உங்கள் மேசையில் இருக்கும் சார். போடுங்கள் கையெழுத்து.