பாலாற்று மணலும் சர்க்கார் கணக்கும்

ஆற்றில் மணல் அள்ளுவதற்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் சொல்ல வேண்டியது எவ்வளவு மணல் எடுக்கலாம் என்பதன்று. எடுத்த மணல் எத்தனை வருஷத்தில் திரும்பி வரும் என்பதே. சாதாரண புத்திக்கு எட்டும் இவ்விஷயத்தை ஐயந்திரிபறச் சொல்வதற்கு நமது சுப்ரீம் கோர்ட்டுக்கு 2025 ஆகஸ்டு மாதம் வரையில் காலம் பிடித்தது. ஜம்மு காஷ்மீரத்திலிருந்து வந்த வழக்கொன்றில், மணல் மீண்டும் சேரும் அளவை ஆராயாமல் தயாரித்த ஜில்லா அறிக்கையை வைத்துக்கொண்டு மணல் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதி தரலாகாதென்று அக்கோர்ட்டு தீர்ப்பளித்தது. வழக்கு வடகோடியில் பிறந்ததாயினும், தீர்ப்பை அதிகக் கவனத்துடன் படிக்க வேண்டியவர்கள் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் ஜனங்களே என்பது நமது அபிப்பிராயம்.

காரணம் பாலாற்றின் தன்மை. நந்தி மலைப் பக்கத்தில் தோன்றி, ஆந்திரத்தில் சிறிது தூரம் ஓடி, தமிழ்நாட்டில் சுமார் 222 கிலோமீட்டர் கடந்து, வயலூர் அருகே கடலில் சேரும் இந்நதியில் கண்ணுக்குத் தெரியும் ஜலம் வருஷத்தில் சில நாட்களே. ஜலமே காணாத வருஷங்களும் உண்டு. ஆற்றின் மெய்யான ஓட்டம் மணலுக்கு அடியில் இருக்கிறது. நம் முன்னோர்கள் ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி அந்த ஜலத்தை வயலுக்குக் கொண்டு போனார்கள். படுகையில் தோண்டிய கிணறுகள்தாம் கரையோர ஊர்கள் பலவற்றின் தாகத்தைத் தீர்த்து வந்திருக்கின்றன. மணலை வாரிவிட்டால் வருகிற சொற்ப வெள்ளமும் தங்குவதற்கு இடமின்றி ஓடிவிடும். கிணறுகள் கீழே போகும்.

இந்தப் பிரதேசத்திற்கு வேறொரு துர்ப்பாக்கியமும் சேர்ந்திருக்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீரால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ ஓரளவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக ஒரு கணக்கெடுப்புக் கூறியதை, சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28-ம் தேதித் தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. கெடுத்தவன் ஈடு செய்ய வேண்டும் என்ற தத்துவம் இந்திய சட்டத்தில் வேரூன்றியது அந்த வேலூர் வழக்கினால்தான். ஆயினும் நஷ்டஈடு கிடைக்காத விவசாயிகளுக்காக 2025 ஜனவரி 30-ம் தேதி அதே கோர்ட்டு மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது! உப்பேறிய நிலத்தடி நீரைச் சிறிதேனும் நீர்க்கச் செய்வது ஆற்று மணலில் இறங்கும் நல்ல தண்ணீர் ஒன்றே. தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதை மூட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அதன் உப்புக்கு இருக்கும் ஒரே மாற்றையும் லாரியில் ஏற்றி அனுப்பலாமா என்றுதான் கேட்கிறோம்.

இனி மணல் திரும்பி வரும் கணக்கைப் பார்ப்போம். மழைக்கு முன்னும் பின்னும் படுகையின் மட்டத்தை அளந்து வித்தியாசத்தைக் காண்பது முறை. ஆண்டுதோறும் வெள்ளம் வரும் நதிக்கு இது போதும். பாலாற்றின் சங்கதி வேறு. 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடிய வெள்ளத்தைப் பெரியவர்கள் கதையாகச் சொல்லிவந்தார்கள். அதன்பின் ஜனங்கள் வியந்து பார்த்த பெருவெள்ளம் 2021 நவம்பரில்தான் வந்தது. இத்தகைய வருஷமொன்றில் அளந்துவிட்டு, அதையே வருஷாந்தர வரும்படியென்று எழுதினால் அந்தக் கணக்கு என்ன கணக்கு? மேலே கர்நாடகத்து ஏரிகளும் ஆந்திரத்துத் தடுப்பணைகளும் ஜலத்தோடு மணலையும் பிடித்து வைக்கின்றன என்பதையும் மறக்கலாகாது. ஆயுட்கால அநுபோக பாத்தியதை உள்ளவன் விளைச்சலை அநுபவிக்கலாம். தோப்பை வெட்டி விற்க அவனுக்குச் சட்டத்தில் இடமில்லை. நாமும் சர்க்காரும் ஆற்றுக்கு அந்த அளவு பாத்தியஸ்தர்களே.

2003 அக்டோபரில் மணற்குவாரிகளைத் தமிழக சர்க்கார் தாமே ஏற்றுக்கொண்டனர். தனியார் கொள்ளையைத் தடுக்க இது வழியென்று பலர் நம்பினார்கள். பலன்? விற்பவரும் காவலரும் ஒருவரேயாயினர். 2023-ல் அமலாக்கத்துறை மணல் விவகாரத்தில் சம்மன் அனுப்பிய ஐந்து கலெக்டர்களில் வேலூர் கலெக்டரும் ஒருவர். சர்க்கார் ஆட்சேபித்து ஹைக்கோர்ட்டுக்குப் போயினர். 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு கலெக்டர்கள் ஆஜராக வேண்டுமென்றது. அவர்கள் சாட்சி சொல்லவே அழைக்கப்பட்டவர்கள். அவர்கள்மீது குற்றம் சாட்ட நாம் முன்வரவில்லை. ஆனால் அனுமதித்த அளவு எவ்வளவு, அள்ளிய அளவு எவ்வளவு என்று வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்க வேண்டிய நிலைமை ஏற்பட்டதே! மாட்டு வண்டிக்காரனைப் பிடித்து வழக்குப் போடுவதில் மட்டும் நமது உத்தியோகஸ்தர்களுக்குச் சுறுசுறுப்புக் குறைவதில்லை.

2021 டிசம்பரில், பாலாற்றின் கிளையாகிய பொன்னையாற்றில், திருவலத்தருகே ரயில் பாலத்தின் தூண் பழுதுற்று வண்டிகள் நின்றன. அதற்கு மணல் அள்ளியதுதான் காரணமென்று தீர்ப்புக் கூற நாம் இஞ்சினீயர் அல்லோம். எனினும் படுகை தாழ்ந்த ஆற்றில் வெள்ளம் தூணின் அடியைத்தான் அரிக்கும் என்பதை எந்த இஞ்சினீயரும் மறுக்கமாட்டார்.

வீடு கட்டுகிறவனுக்கு மணல் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். பாறையை உடைத்துச் செய்யும் மணல் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. அதனால் மலைகளுக்கு வரும் கேட்டைத் தனியே எழுத வேண்டும்.

இப்போது நாம் கேட்பது இவ்வளவே. பாலாற்றிலோ பொன்னையாற்றிலோ குவாரி திறக்க யோசனை எழுமானால், மணலை விற்கும் இலாகா அல்லாத வேறொரு ஸ்தாபனம், மழை பொய்த்த வருஷமும் உட்படப் பல வருஷங்களுக்குப் படுகையை அளக்க வேண்டும். அந்த அளவுகளையும், கரையோரக் கிணறுகளின் நீர்மட்டத்தையும், நீரிலுள்ள உப்பின் அளவையும் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்திலும் ஒட்ட வேண்டும். ஜனங்கள் படித்து ஆட்சேபணை சொல்லப் போதிய அவகாசம் கொடுத்த பிறகு அனுமதியைப் பற்றிப் பேசலாம்.